இருபத்து மூன்றாம் எண்

அத்தியாயம் ஆறு

அந்த அம்மா எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்குள் வந்தபோது வணக்கம் சொல்லவில்லை, உட்காரவும் இல்லை. தோளில் இருந்த பள்ளிக்கூடப் பையை இறக்கி பாஸின் மேஜைமீது அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தார். நோட்டுகள், பென்சில் டப்பா, மூடி இல்லாத தண்ணீர் பாட்டில், பாதி தேய்ந்த ரப்பர் எல்லாம் வந்து விழுந்தன.

"நல்லாத் தேடிப் பாருங்க சார். என் பொண்ணு திருடின லேப்டாப் இதுக்குள்ளதான் எங்கேயாவது இருக்கும்."

பாஸ் எழுந்து நின்றார். நானும் நின்றேன். எந்த நேரத்திலும் என் வாயில் ஒரு வேடிக்கைப் பேச்சு தயாராக இருக்கும். பாஸ் எதைப் பேசி முடித்தாலும் கடைசியில் நான் ஒரு வரி சேர்ப்பதால் அவர் எனக்கு வைத்த பட்டப்பெயரே 'பின்குறிப்பு'. அன்றைக்கு எனக்கு ஒன்றுமே வரவில்லை.

விஷயம் இதுதான். அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு நாற்பது மடிக்கணினிகள் கொடுத்திருந்தார்கள். ஐந்து மாதம் கழித்து, அதாவது பன்னிரண்டு நாளுக்கு முன்னால், கல்வி அலுவலகத்திலிருந்து எண்ண வந்தபோது முப்பத்தொன்பதுதான் இருந்தன. காணாமல் போனது இருபத்து மூன்றாம் எண். பள்ளிக் குழு எங்களைக் கூப்பிட்டது. மூன்றே நாளில் பாஸ் ஒரு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார். வரிசை எண் இருபத்து மூன்று கொண்ட மாணவிதான் எடுத்தாள் என்பதற்கு அதில் மூன்று காரணங்கள் சொல்லியிருந்தார். எண்ண வந்ததற்கு முந்தைய நாள், லேப்டாப் எடுக்கும் பதிவேட்டில் அவள் கையெழுத்து இருந்தது. அன்று மாலை வீங்கிய பையோடு பள்ளியை விட்டுப் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். "இருபத்து மூணை எங்கே வச்சிருக்கே?" என்று பாஸ் கேட்டதற்கு அவள் வாயே திறக்கவில்லை.

அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். பிரமாதம் பாஸ் என்றும் சொன்னேன்.

"அன்னைக்குப் பை வீங்கியிருந்துச்சுன்னு எழுதினீங்களாமே" என்றார் அந்த அம்மா. "நான் தையற்கடைக்கு வீட்லேருந்தே காஜா, அதான் சட்டைக்குப் பட்டன் ஓட்டை, தைச்சுக் கொடுக்கிறவ. முடிச்ச சட்டைங்களை அந்தப் பையில அடைச்சு, பள்ளிக்கூடம் விட்டதும் கடையில கொடுத்துடுன்னு நான்தான் அனுப்பினேன். காலையிலயும் வீங்கித்தான் போச்சு. அதை மட்டும் உங்க சாட்சி யாரும் பார்க்கல போல."

"அம்மா, நீங்க இதை அப்பவே..." என்று பாஸ் ஆரம்பித்தார்.

"என்னை யாரு கேட்டா? ஒன்பது நாளா அவ பள்ளிக்கூடம் போகல. வீட்ல ஒரு டம்ளர் தண்ணி குடிக்கணும்னாக்கூட, 'அம்மா, எடுத்துக்கட்டுமா?'ன்னு கேக்குறா. எங்க வீட்டு டம்ளரை சார். நான் பெத்த பொண்ணு என்கிட்ட கேக்குறா." அவர் குரல் அங்கேதான் உடைந்தது. "இன்னைக்கு நாலு மணிக்குக் குழு கூடி அவ பேரை நீக்கப் போறாங்க. பை இங்கேயே இருக்கட்டும். அதுக்கப்புறம் அவளுக்கு இது எதுக்கு?"

அவர் போய்விட்டார். மணி ஒன்றாகப் பத்து நிமிடம் இருந்தது.

பாஸ் நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். கணினிப் பாட நோட்டைப் பிரித்தவர் நடுப்பக்கத்தில் நின்றுவிட்டார்.

"இங்க வா."

இரண்டு பக்கத்துக்கும் நீளமாக ஒரு விசைப்பலகை வரையப்பட்டிருந்தது. அளவுகோல் வைத்துப் போட்ட கட்டங்களில் பேனாவால் எழுத்துகள். விரல் பட்டுப் பட்டு சில கட்டங்கள் கறுத்துப் போயிருந்தன. மேலே தேதி போட்டிருந்தாள். வகுப்பு ஆரம்பித்த இரண்டாவது வாரத்துத் தேதி அது.

"லேப்டாப்பை வீட்டுக்குக் கொடுத்து அனுப்ப மாட்டாங்க பாஸ். வீட்ல பழகிப் பார்க்க வரைஞ்சிருப்பா. கரண்ட் செலவும் மிச்சம்."

"அது சரி. வலது பக்கத்தைப் பாரு."

பார்த்தேன். வலது கோடியில் கட்டங்கள் காலியாக இருந்தன. பாஸ் பக்கங்களைப் புரட்டினார். மாதத்துக்கு ஒன்றாக இன்னும் நான்கு விசைப்பலகைகள் இருந்தன. ஒவ்வொன்றும் முந்தையதைவிட நேர்த்தியாக இருந்தது. ஐந்திலும் வலது கோடி காலி.

"போய் உன் கம்ப்யூட்டர் முன்னாடி உட்காரு. டைப் அடிக்கிற மாதிரி கையை வை."

உட்கார்ந்தேன். பாஸ் என் வலது பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு பள்ளிப் பிள்ளை போலக் கழுத்தை நீட்டினார்.

"என் கண்ணுக்கு எது மறையுது தெரியுமா? வலது கோடி. உன் கை மறைக்குது."

ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "தன்னோடது இருந்தும் பக்கத்துல இருந்த பொண்ணோடதைப் பார்த்து வரைஞ்சிருக்கலாமே?"

"தன் முன்னாடி ஒரு கண்ணாடி இருக்கிறப்ப, யாராவது அடுத்தவங்க கண்ணாடியில எட்டிப் பார்த்துத் தலை சீவுவாங்களா? இந்தப் பொண்ணு முன்னாடி லேப்டாப்பே இருந்ததில்ல. ரெண்டாவது வாரத்துலேருந்தே இல்ல. அப்ப அது போனது பன்னிரண்டு நாள் முன்னாடி இல்ல, அஞ்சு மாசம் முன்னாடி." அவர் நோட்டை மூடிக் கையிலேயே வைத்துக்கொண்டார். "யாரோ முதல்லயே அதைச் சுருட்டிட்டாங்க. நான் அவளைப் பிடிச்சுக் கொடுத்துட்டு நிம்மதியாத் தூங்கியிருக்கேன்."

"யாரோ இல்ல பாஸ், அந்தக் கணக்கு வாத்தியார். லேப்டாப் வேண்டாம்னு மனு மேல மனு போட்டவர். என் சம்பளத்தைப் பந்தயம் கட்டுறேன்."

"உன் சம்பளத்தை நான் இன்னும் கொடுக்கவே இல்லையே."

"அதனாலதான் தைரியமாக் கட்டுறேன்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. மற்ற நோட்டுகளைப் பையில் போட்டு என் தோளில் மாட்டிக்கொண்டேன். என் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போய்ச் சேர இரண்டு மணி ஆனது.

மாடிப்படிக்கு அடியில் அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. முன்பு நூலகத்தில் இருந்த புத்தகங்கள் அவை. நூலக அறைதான் இப்போது கணினி அறை. கணக்கு வாத்தியார் அந்தப் பெட்டிகளில் ஒன்றின்மேல் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். ஒடிசலான உடம்பு, சட்டைப்பையில் நான்கு பேனாக்கள்.

"சார், நீங்க லேப்டாப்புக்குப் பரம எதிரியாமே?" என்றேன்.

"நான் எதுக்கும் எதிரி இல்லம்மா. மூணு வருஷமா இங்க அறிவியலுக்கு வாத்தியார் கிடையாது. இலை எப்படி மூச்சு விடுதுன்னும் நான்தான் நடத்துறேன். அதையும் கணக்கு மாதிரியே நடத்துறேன். பிள்ளைங்க முழிக்குதுங்க. ஒரு வாத்தியாரைக் கொடுங்கன்னு கேட்டோம். நாப்பது பெட்டி வந்து இறங்குச்சு. அதுங்களுக்கு வேர்க்கக் கூடாதுன்னு ஏசி வேற. பக்கத்து வகுப்புல ஃபேன் ஓடாம பிள்ளைங்க நோட்டால விசிறிக்குதுங்க."

"கம்ப்யூட்டர் பாடம் யார் எடுக்கிறாங்க?" பாஸ் கேட்டார்.

"அதுக்கு மட்டும் வாத்தியார் வந்துடுவாங்களா? ஹெச்.எம். மேடமே எடுக்கிறாங்க. முப்பத்தொன்பது பிள்ளைங்க திரையைப் பார்த்துட்டிருக்கும், மேடம் கையேட்டைப் பார்த்துட்டிருப்பாங்க. இந்த அழகுல இன்னும் பதினோரு பள்ளிக்கூடத்துக்கு வாங்கப் போறாங்களாம். வாங்கட்டும். அந்தப் பொண்ணு கையில லேப்டாப்பைக் கொடுத்துத் திருடியாக்கினது யாருன்னு இன்னைக்குக் குழுவுல கேக்கத்தான் போறேன்."

பாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யார் பேச்சாவது காதில் உறுத்தினால்தான் அவர் கண்ணாடியைத் துடைப்பார். இங்கே அட்டைப்பெட்டித் தூசி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கணினி அறையின் சாவி வகுப்புத் தலைவியிடம் இருந்தது. இரட்டைச் சடை போட்ட, நிமிர்ந்து நடக்கிற பெண். எங்களைப் பார்த்ததும் அவள் நடை கொஞ்சம் தளர்ந்தது. திருட்டுக்குப் பிறகு, எங்கள் விசாரணைக்குத் தவிர, பன்னிரண்டு நாளாக அந்த அறையைத் திறக்கவே இல்லையாம்.

உள்ளே சுவரோரம் ஒரு இரும்பு அலமாரி, அதில் எண் போட்ட நாற்பது அடுக்குகள். போன தடவை பாஸ் இருபத்து மூன்றாம் அடுக்கில் கைவைத்து, "இங்கேயிருந்துதான் போயிருக்கு" என்று கம்பீரமாகச் சொன்ன இடம். இப்போது குனிந்து மற்ற அடுக்குகளைப் பார்த்தார்.

"பின்குறிப்பு, எல்லா அடுக்கோட விளிம்பையும் பாரு."

தினமும் இழுத்து இழுத்து வைத்ததில் பெயின்ட் உரிந்து இரும்பு பளபளத்தது. இருபத்து மூன்றில் மட்டும் பச்சைப் பெயின்ட் கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. ஒரு கீறல் இல்லை.

பக்கத்தில் கொக்கியில் சார்ஜர்கள் தொங்கின. ஒன்றில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது, ஒன்றில் யாரோ நட்சத்திரம் வரைந்திருந்தார்கள், பல வயர்கள் முறுக்கிக்கொண்டு கிடந்தன. இருபத்து மூன்றாம் எண் சார்ஜர் மட்டும் மடித்தது மடித்தபடி, மெல்லிய கம்பிக் கட்டோடு, பிளக் மேல் பிளாஸ்டிக் உறைகூட கழற்றாமல் தொங்கியது.

போன தடவையும் நான் இதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "பாஸ், இந்த சார்ஜருக்கு மட்டும் இன்னும் கல்யாணமே ஆகல போல" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அறிக்கையில், 'சார்ஜரை விட்டுச் சென்றிருப்பது திருடியவரின் அவசரத்தைக் காட்டுகிறது' என்று எழுதினார். உண்மை என் வாயிலிருந்துதான் முதலில் வந்தது. அதை வேடிக்கையாக்கித் தூக்கிப் போட்டவளும் நான்தான்.

பாஸ் வகுப்புத் தலைவி பக்கம் திரும்பினார். "நீ எந்த இடத்துல உட்காருவே?"

"மூணாவது பெஞ்சு சார்."

"உனக்கு வலது பக்கம்?"

"அவதான்."

"அவளோட லேப்டாப்பை நீ கடைசியா எப்பம்மா பார்த்தே?"

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவளுக்குத்தான் லேப்டாப்பே இல்லையே சார்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்ல சார். முதல் நாள்லேருந்தே கிடையாது. விழா அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல், வரல. மறுநாள் வந்தப்ப அவளுக்குன்னு எதுவும் மிச்சம் இல்ல. என்னோடதைத்தான் பார்த்துக்குவா. நான் எப்பவாவது கொடுப்பேன்..." குரல் தாழ்ந்தது. "எப்பவாவதுதான்."

"ஆனா பதிவேட்டுல தினமும் கையெழுத்து போட்டிருக்காளே?"

"நோட்டு பெஞ்சு பெஞ்சா வரும் சார். ஒரு கட்டம் காலியா இருந்தா மேடம் திட்டுவாங்க. அதனால அவளும் போட்டுடுவா. பக்கத்துல தள்ளினா நாங்க எல்லாருமே பார்க்காமத்தான் போடுவோம்."

"இது வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"வகுப்புக்கே தெரியும் சார்."

பாஸ் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் கேட்டேன். "பின்ன ஏம்மா யாரும் சொல்லல?"

"யாரும் எங்களைக் கேக்கலையே. முதல்ல, அவகிட்ட இல்லாததால எங்கள்ல ஒருத்தரோடதை எடுத்துட்டாள்னு நெனச்சோம். அப்புறம் பார்த்தா எங்க எல்லாரோடதும் இருக்கு. பெரியவங்க எல்லாம் சொல்றாங்களே, வேற ஏதோ இருக்கும்னு பேசாம இருந்துட்டோம்." சாவிக்கொத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. "நான் சொல்லியிருக்கணும், இல்ல சார்?"

"நான் கேட்டிருக்கணும்மா" என்றார் பாஸ்.

போன தடவை காவல்காரரைக் கேட்டோம், ஆசிரியர்களைக் கேட்டோம், எதிரே இருக்கிற பெட்டிக்கடைக்காரரைக் கூடக் கேட்டோம். உண்மை தெரிந்த முப்பத்தொன்பது சாட்சிகள் கூப்பிடு தூரத்தில் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று நாங்கள் தாண்டிப் போய்விட்டோம்.

தலைமையாசிரியையின் அறைக்குள் நுழைந்தபோது மூன்று மணி. அவர் குழுவுக்கான காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நரைத்த தலையைப் படிய வாரி, புடவை மடிப்புக் கலையாமல் இருக்கும் மனிதர். பாஸ் அந்த சார்ஜரை அவர் முன் வைத்தார். கம்பிக் கட்டு அவிழாமல் அப்படியே இருந்தது.

"மேடம், மூணு நாளா நான் இல்லாத பொருளைத் தேடிட்டிருந்தேன். நீங்க பார்த்துட்டிருந்தீங்க."

அவர் மறுக்கவில்லை. சார்ஜரைத் தொடவும் இல்லை.

"நாலு பெட்டி வந்துச்சு சார், பெட்டிக்குப் பத்துன்னு எழுதியிருந்தது. சார்ஜர் தனிப் பெட்டி. வெளியில விருந்தாளிங்க, பந்தல், மைக். பிரிச்சு எண்ண நேரமில்ல. நாப்பதுக்குக் கையெழுத்து போட்டேன். மேடையில கொடுத்து முடிச்சப்பதான் கடைசிப் பெட்டியில ஒன்பதுதான் இருந்திருக்குன்னு தெரிஞ்சது. அன்னைக்கு வராதவளோடது இல்லாமப் போச்சு."

"கம்பெனிக்காரங்களைக் கேக்கலையா?"

"கேட்டேன். நாப்பதுன்னு உங்க கையெழுத்து இருக்கேன்னாங்க. மேலே புகார் கொடுத்தா, எண்ணாம கையெழுத்து போட்டேன்னு ஆயிடும். இதுக்காக ரெண்டு வருஷம் நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்ல சார். இங்க படிச்சு முடிச்ச பிள்ளைங்க வேலைக்குப் போற இடத்துல, ஒரு விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாம பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பார்த்து நிக்குதுங்க. தனியார் பள்ளிக்கூடப் பிள்ளை ஆறாவதுலேயே தட்டுது. எங்க பிள்ளைங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? அடுத்து பதினோரு பள்ளிக்கூடம் காத்துட்டிருக்கு. முதல் பள்ளிக்கூடத்துலேயே கோளாறுன்னு தெரிஞ்சா எல்லாம் நின்னுடும்."

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?"

"ரெண்டு நாள் பக்கத்துல பார்த்துக்கோ கண்ணு, வெளியில சொல்லாதேன்னு சொன்னேன்." முன்னால் இருந்த காகிதங்களைத் தள்ளி வைத்தார். "ரெண்டு நாள் அஞ்சு மாசமாச்சு."

அப்போதுதான் எனக்கு அந்தக் காட்சி திரும்பி வந்தது. இதே அறை. பாஸ் அந்தப் பெண்ணை விசாரித்தார். அவள் பதில் சொல்லாமல் வலது பக்கம் பார்த்தாள். 'கண்ணைப் பார்த்துப் பேச மறுத்தாள்' என்று அறிக்கையில் எழுதினோம். வலது பக்கம் உட்கார்ந்திருந்தது தலைமையாசிரியை. பேசலாமா என்று அவள் உத்தரவு கேட்டிருக்கிறாள். இவர் பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீங்க வந்தன்னைக்கு, கண்டுபிடிச்சிடுவீங்கன்னு பயந்தேன்" என்றார் அவர். "நீங்க அவ பேரை எழுதிக் கொடுத்ததும்... ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்தது சார். ஒரே ஒரு நிமிஷம். அதை நெனச்சு நெனச்சு ஒன்பது நாளா எனக்குச் சோறு இறங்கல."

"அந்த நிமிஷத்தை உங்களுக்குக் கொடுத்தது நான்" என்றார் பாஸ்.

நான்கு மணிக்கு ஆசிரியர் அறையில் குழு கூடியது. தலைவர் மருந்துக்கடைக்காரர், எதையும் மெதுவாகப் பேசுகிறவர். தலைமையாசிரியை எழுந்தார். சொல்லமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் எங்களிடம் சொன்னதில் ஒரு வரியைக்கூட விடாமல் நின்றபடியே சொன்னார். அந்த ஒரு நிமிட நிம்மதியையும் சேர்த்துச் சொன்னார்.

அவர் உட்கார்வதற்குள் கணக்கு வாத்தியார் எழுந்துவிட்டார்.

"கேட்டீங்களா? இதைத்தானே நான் கரடியாக் கத்தினேன்! பெட்டியைக் கும்பிட்டுப் பிள்ளையைப் பலி கொடுத்திருக்காங்க. ஒன்பது நாளா அந்தக் குழந்தை..."

"சார்" என்றார் பாஸ். "ஒரு சின்னச் சந்தேகம். மேடம் பாடம் எடுக்கிறப்ப முப்பத்தொன்பது பிள்ளைங்க திரையைப் பார்த்துட்டிருக்கும்னு மத்தியானம் சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன். அதுக்கென்ன?"

"லேப்டாப் காணோம்னு தெரிஞ்ச நாள்லேருந்து அந்த அறை பூட்டியே இருக்கு. அதுக்கு முன்னாடி நடந்த வகுப்புக்கு நாப்பதுன்னுதானே எல்லாரும் சொல்லுவாங்க? நீங்க எப்ப எண்ணினீங்க?"

கணக்கு வாத்தியார் சட்டைப்பையைத் தடவினார். நான்கு பேனாக்களில் ஒன்றை எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார். நான் என் பந்தயத்தில் ஜெயித்துவிட்டேனா தோற்றுவிட்டேனா என்று எனக்கே புரியவில்லை.

"ரெண்டு மாசம் முன்னாடி மேடம் லீவு" என்றார் கடைசியில். "நான் போய் உட்கார்ந்தேன். அந்தப் பொண்ணு முன்னாடி ஒண்ணும் இல்ல. நோட்டுல ஏதோ வரைஞ்சிட்டிருந்தா. கேட்டேன். மேடம் சொல்ல வேண்டாம்னாங்க சார்னா."

"அப்ப அவ திருடலைன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஒன்பது நாளாத் தெரியும்."

"திருட்டுன்னு ஆனா திட்டம் நின்னுடும்னு நெனச்சேன். அறிவியலுக்கு ஒரு வாத்தியார் கிடைப்பாங்கன்னு... அவ பேரை நீக்கற அளவுக்குப் போகாது, போனா அப்ப சொல்லிக்கலாம்னு..." அவர் மெல்ல உட்கார்ந்தார். "பிள்ளைங்களுக்காகத்தான் சார் செஞ்சேன்."

"மேடமும் அதைத்தான் சொன்னாங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். "எந்தப் பிள்ளைங்களுக்காகன்னுதான் எனக்குப் புரியல."

பாஸ் தன் அறிக்கையை எடுத்து விரித்தார். "இதுல மூணு காரணம் எழுதியிருக்கேன். மூணும் என் கெட்டிக்காரத்தனம். அவ்வளவுதான். பின்குறிப்பு, கீழே எழுது. 'இந்த அறிக்கை தவறு. குற்றம் சாட்டப்பட்டவரிடம் இதை எழுதியவர் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டவர்.' தேதி போடு." போட்டேன். அவர் கையெழுத்துக்குக் கீழே நானும் என் கையெழுத்தைப் போட்டேன். அவர் போடச் சொல்லவில்லை.

அவர்கள் வீடு ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. ஒற்றை அறை. நாங்கள் நான்கு பேரும் படி ஏறினோம். முன்னால் தலைமையாசிரியை, பின்னால் பாஸும் நானும், கடைசியில் யாரும் கூப்பிடாமலே கணக்கு வாத்தியார். அம்மா கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் வழியை மறித்தபடி நின்றவர், தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்து விலகினார்.

மகள் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து சட்டைகளிலிருந்து நூல் பிசிறு நறுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் கத்தரிக்கோலைச் சட்டென்று கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரித்துக் காட்டினாள். கையில் எதுவும் இல்லை என்று காட்டுகிறாள். யாரும் கேட்காமலே காட்டுகிறாள்.

தலைமையாசிரியை அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "தப்பு என்னோடது கண்ணு. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீ சொல்லலாம் இனிமே. யார்கிட்ட வேணாலும் சொல்லலாம்."

அந்தப் பெண் தலையாட்டினாள். அழவில்லை. அம்மாதான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் உன்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்" என்றார் பாஸ். "அதையும் தப்பாக் கேட்டேன். எங்கே வச்சிருக்கேன்னு கேட்டேன். உனக்குக் கொடுத்தாங்களான்னு கேட்டிருக்கணும். என்னை மன்னிச்சிடும்மா."

"பரவாயில்ல சார்" என்றாள். அந்தப் பரவாயில்லையை அவள் பழக்கத்தில் சொன்னாள். கேட்க எனக்குக் கூசியது.

கணக்கு வாத்தியார் வாசல்படியிலேயே நின்றிருந்தார். "நீ சொன்னதைக் கேட்டுட்டும் நான் வாயை மூடிட்டிருந்தேன்மா" என்றவர், அதற்கு மேல் தாங்காமல் வேறு பேச்சுக்குத் தாவினார். மனிதருக்குத் தெரிந்த பேச்சு அது ஒன்றுதான். "நீயே சொல்லு. உன் பள்ளிக்கூடத்துக்கு லேப்டாப் வேணுமா, வாத்தியார் வேணுமா? நீ எதைச் சொன்னாலும் நான் ஒத்துக்கறேன்."

தலைமையாசிரியையும் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பெரியவர்களும் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் வாயிலிருந்து தங்கள் பக்கம் தீர்ப்பு வருமா என்று காத்திருந்தார்கள்.

அவள் யோசித்தாள். நாங்கள் யாரும் இந்த விஷயத்தில் அத்தனை நேரம் யோசித்திருக்கமாட்டோம்.

"லேப்டாப் வேணும் சார். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். சொல்லிக் கொடுக்க வாத்தியாரும் வேணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா நாப்பது பேர் இருந்தா நாப்பது வேணும் சார். முப்பத்தொன்பதுன்னா வேண்டாம்."

கணக்கு வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

கிளம்பும்போதுதான் என் தோளில் அவள் பை இருப்பது எனக்கு நினைவு வந்தது. இறக்கி அவள் முன்னால் வைத்தேன். பாஸ் கையிலிருந்த அந்தக் கணினி நோட்டை அதன்மேல் வைத்தார்.

"நாளைக்கு வகுப்புக்கு வரணும்மா. எல்லாரும் உன்னை எதிர்பார்ப்பாங்க" என்றார்.

அவள் பையைப் பார்த்தாள். அவளுடைய பை, அவளுடைய நோட்டு, அட்டையில் அவள் கையெழுத்து. கை பாதி தூரம் வந்து நின்றது. எங்களை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"எடுத்துக்கட்டுமா சார்?"

பாஸ் என்னைப் பார்த்தார். எப்போதும் நான்தான் கடைசி வரி சொல்லுவேன். அன்று என்னால் முடியவில்லை. அவள் கையை நீட்டியபடியே காத்திருந்தாள், நாங்கள் நான்கு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.